ஆல்பா, பி, எம், எஸ்: மருந்து பாட்டிலில் அந்த ஓர் எழுத்து எதற்கு?

செங்கம் பக்கத்தில் பருத்தி போட்டிருந்த விவசாயி ஒருவர், பயிற்சி முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு, பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஒன்றில் 'சைபர்மெத்ரின் 10% இசி' என்றும் மற்றதில் 'ஆல்பாசைபர்மெத்ரின் 10% இசி' என்றும் இருந்தது.

"ரெண்டும் ஒரே மருந்துதானே சார், ரெண்டுலயும் பத்து பர்சென்ட்டுதான் போட்டிருக்கு. போன வருசம் இதை டேங்குக்கு 25 மில்லி ஊத்தி அடிச்சேன், ஒண்ணும் ஆவல. இந்த வருசம் கடையில இது இல்ல, அதைக் குடுத்தாங்க. அதே 25 மில்லிதான் ஊத்துனேன். அன்னைக்கு ராத்திரி பூரா மூஞ்சி எரிச்சல், மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி. இதுல ஏதாவது கலப்படமா?"

கலப்படம் எதுவும் இல்லை. பெயருக்கு முன்னால் இருக்கும் 'ஆல்பா' என்ற ஒரு சொல்லில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது. கல்லூரி வேதியியலில் இதை மாற்றியம் என்றும் கைரல் கார்பன் என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் பலரும் மறந்துவிடும் பாடம் அது. ஆனால் மருந்துக்கடை அலமாரியில் பாதிப் பாட்டில்களை அந்தப் பாடம் இல்லாமல் சரியாகப் படிக்க முடியாது.

அதே செங்கல், வேறு வீடு

முதலில் மாற்றியம் என்றால் என்ன என்று பார்ப்போம். நூறு செங்கல்லை வைத்து ஒருவர் சுவர் கட்டலாம், இன்னொருவர் தொட்டி கட்டலாம். செங்கல் எண்ணிக்கை ஒன்றுதான், கட்டிய விதம் வேறு. வேதிப்பொருளிலும் அப்படித்தான். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஆனால் அடுக்கிய முறை வேறாக இருந்தால் அவை ஒன்றுக்கொன்று மாற்றியங்கள்.

இதற்கு நாம் எல்லோரும் அறிந்த உதாரணம் யூரியா. ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன் சேர்ந்தது யூரியா. இதே அணுக்கள் இதே எண்ணிக்கையில் வேறு விதமாகச் சேர்ந்தால் அம்மோனியம் சயனேட் என்ற உப்பு. 1828-ல் ஜெர்மானிய வேதியியலர் பிரெடரிக் வோலர் இந்த உப்பைத் தயாரிக்க முயன்றபோது அது தன் அடுக்கு மாறி யூரியாவாகிவிட்டது. அதுவரை உயிருள்ள உடம்புதான் யூரியாவை உண்டாக்க முடியும் என்று நம்பியிருந்தார்கள். ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல், எழுத்துகளின் இடத்தை மாற்றினாலே சொல் வேறாவது போன்ற சங்கதி இது.

மாற்றியத்தில் பல வகை உண்டு. அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்த வரிசையே மாறினால் அது அமைப்பு மாற்றியம்; யூரியா இந்த வகை. வரிசை மாறாமல், ஒரு பகுதி ஒரே பக்கமாக நிற்கிறதா எதிர்ப் பக்கமாக நிற்கிறதா என்பது மட்டும் மாறினால் வடிவ மாற்றியம். இன்னொன்று இடக்கையும் வலக்கையும் போன்றது. அதுதான் கைரல். நம் பாட்டில் விவகாரத்துக்கு இதுதான் முக்கியம் என்பதால் இதைச் சற்று நின்று பார்ப்போம்.

வலம்புரியும் இடம்புரியும்

கோயில் ஊரில் இருக்கும் நமக்குச் சங்கு தெரியும். வலம்புரிச் சங்கும் சாதாரணச் சங்கும் ஒரே பொருளால் ஆனவை. எடை, அளவு எல்லாம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றதாக ஆக்க முடியாது. கண்ணாடியில் காட்டினால்தான் ஒன்று மற்றதுபோல் தெரியும். கொடியில்கூட இது உண்டு. பெருவள்ளிக் கிழங்குக் கொடி கம்பை ஒரு பக்கமாகச் சுற்றும், சிறுவள்ளிக் கொடி எதிர்ப் பக்கமாகச் சுற்றும். நாம் பிரித்து மாற்றிச் சுற்றிவிட்டாலும் புதிதாக வளரும் நுனி தன் பழைய வழிக்கே திரும்பும்.

கார்பன் அணுவுக்கு நான்கு கை. நெருஞ்சிமுள்ளை எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே நிற்கிறதே, ஏறக்குறைய அந்த அமைப்பில் நான்கு கைகளும் நான்கு திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு முனையிலும் நான்கு நிற நூல் கட்டுங்கள்: வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். இன்னொரு முள்ளில் சிவப்பையும் பச்சையையும் மட்டும் இடம் மாற்றிக் கட்டுங்கள். இப்போது இரண்டையும் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. நான்கு கையிலும் நான்கு வேறுவேறு பொருளைப் பிடித்திருக்கும் இந்தக் கார்பனைத்தான் கைரல் கார்பன் அல்லது சீர்மையற்ற கார்பன் என்கிறார்கள். இரண்டு நூல் ஒரே நிறமாக இருந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

இரண்டில் எது எது என்று பெயர் வைப்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நான்கில் மிக இளைத்ததைப் பின்னால் தள்ளிவிட்டு, மீதி மூன்றையும் பெரியது, நடு, சிறியது என்ற வரிசையில் கண்ணால் சுற்றிப் பார்க்க வேண்டும். கிரிவலத்தில் இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி லிங்கம், எம லிங்கம் என்று மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவது போல வரிசை போனால் அது 'ஆர்' வடிவம். ஈசான்ய லிங்கத்திலிருந்து தலைகீழாக வந்தால் 'எஸ்' வடிவம். பாதை அதே 14 கிலோமீட்டர்தான். எட்டு லிங்கமும் அவைதான். சந்திக்கும் வரிசை மட்டும் மாறும்.

இது வெறும் பெயர் விளையாட்டாக இல்லாமல் போவதற்குக் காரணம், உயிருள்ள உடம்பு முழுவதும் ஒரே கைப்பக்கத்தில் கட்டப்பட்டிருப்பதுதான். பயிர், புழு, மாடு, மனிதன் எல்லோருடைய புரதமும் 'எல்' வகை அமினோ அமிலங்களால் ஆனது. புழுவின் நரம்பில் மருந்து போய் உட்காரும் இடமும் அந்தப் புரதத்தால் ஆனதுதான். வலக்கால் செருப்பில் இடக்கால் நுழைந்தாலும் நடக்க முடியாதது போல, எதிர்க்கை மருந்து அங்கே போய்ப் பொருந்தாது. கோழி வளர்ப்பவர்கள் தீவன மூட்டையில் 'எல்-லைசின்' என்றும் 'டிஎல்-மெத்தியோனின்' என்றும் பார்த்திருப்பார்கள். எதிர்க்கை மெத்தியோனினைக் கோழியின் உடம்பே மாற்றிக்கொள்ளும், அதனால் கலவையாகவே சேர்க்கலாம். எதிர்க்கை லைசினை மாற்றிக்கொள்ள அதனால் முடியாது. அதனால்தான் அதற்குத் தனி 'எல்'.

ஒரு பாட்டிலுக்குள் எட்டுப் பேர்

இப்போது செங்கத்துப் பாட்டிலுக்கு வருவோம். சைபர்மெத்ரின் மூலக்கூறில் மூன்று கைரல் கார்பன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு விதமாக இருக்கலாம் என்பதால், இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, மொத்தம் எட்டு மாற்றியங்கள். சாதாரண சைபர்மெத்ரின் பாட்டிலில் எட்டும் கலந்திருக்கும். பூச்சியை வலுவாகத் தாக்குபவை அவற்றில் சிலவே; மற்றவை கூலி வாங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். ஆல்பாசைபர்மெத்ரின் என்பது எட்டில் இரண்டை மட்டும் பிரித்து எடுத்தது. அந்த இரண்டில் ஒன்றுதான் எல்லோரிலும் வேலைக்காரன்.

அதனால் பத்து சதம் என்று இரண்டு பாட்டிலிலும் எழுதியிருந்தாலும், ஒன்றில் எட்டுப் பேர் சேர்ந்து பத்து சதம், மற்றதில் வேலை செய்யும் கூட்டம் மட்டுமே பத்து சதம். பருத்தியில் காய்ப்புழுவுக்கு நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவைப் பாருங்கள். சைபர்மெத்ரின் 10% இசி எக்டருக்கு 550 முதல் 760 மில்லி. ஆல்பாசைபர்மெத்ரின் 10% இசி எக்டருக்கு 165 முதல் 280 மில்லி. ஏக்கர் கணக்கில் முன்னது சுமார் 220 முதல் 300 மில்லி, பின்னது சுமார் 65 முதல் 110 மில்லி. ஏக்கருக்குப் பத்து டேங்க் அடிப்பவராக இருந்தால் டேங்குக்கு 25 மில்லி என்பது பழைய மருந்துக்குச் சரி. ஆல்பாவுக்கு அது 7 முதல் 11 மில்லிதான். அவர் இரண்டு மடங்குக்கு மேல், மூன்று மடங்கை ஒட்டி ஊற்றியிருக்கிறார்.

முகம் எரிந்ததற்கும் இதுதான் காரணம். இந்தக் குடும்பத்து மருந்துகள் தோலில் பட்டால் நரம்பு நுனியைத் தூண்டி எரிச்சலும் மதமதப்பும் கொடுக்கும். வியர்வை வழியும் முகத்தில் அதிகமாகத் தெரியும். பெரும்பாலும் ஒரு நாளில் குறைந்துவிடும். அடித்து முடித்த கையோடு சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுவதும், மருந்து பட்ட கையால் முகம் துடைக்காமலிருப்பதும் முக்கியம். குறையவில்லை என்றாலோ, தலைசுற்றல், வாந்தி இருந்தாலோ பாட்டிலையும் லேபிளையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தின் முழுப் பெயரை, முன்னொட்டு பின்னொட்டு உட்பட, மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவருக்கு எரிச்சல் ஒரு ராத்திரிதான். வயலில் நடந்தது அதைவிட நீளமான கதை. அதிக அளவில் இந்த மருந்து விழுந்த இடத்தில் பொறிவண்டும் சிலந்தியும் ஒட்டுண்ணிக் குளவியும் முதலில் சாகும். அவை போன பிறகு வெள்ளை ஈயும் செம்பேனும் தடையில்லாமல் பெருகும். ஓடையிலோ குட்டையிலோ கலந்தால் மீன் தாங்காது. நெல்லில் இந்தக் குடும்பத்து மருந்துகளைத் தொடர்ந்து அடித்தால் புகையான் பெருகிவரும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். இலைச்சுருட்டுப் புழுவைக் கொன்றுவிட்டுப் புகையானை வரவேற்பதில் என்ன லாபம்?

இதே குடும்பத்தில் இன்னும் சிலர் உண்டு. சைஹலோத்ரின் என்ற மருந்திலிருந்து பிரித்த ஒரு ஜோடி, லாம்டா-சைஹலோத்ரின். அந்த ஜோடியிலும் வேலை செய்யும் ஒன்றை மட்டும் பிரித்தது காமா-சைஹலோத்ரின். லாம்டாவில் பாதி அளவே போதும். டெல்டாமெத்ரின் எட்டு மாற்றியங்களில் ஒன்றே ஒன்றாகத் தயாரிக்கப்படுவது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு 1970-களில் கண்டுபிடித்தது. அது 2.8 சதம் என்ற சிறிய எண்ணோடு விற்பதைப் பார்த்து 'வீரியம் குறைவு' என்று ஒதுக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சதவீதத்தை வைத்து இரண்டு மருந்துகளை ஒப்பிடவே கூடாது. விலையையும் லிட்டர் கணக்கில் ஒப்பிடாதீர்கள். ஏக்கருக்கு எத்தனை மில்லி, அதற்கு என்ன காசு என்று பாருங்கள். பாட்டில் விலை மூன்று மடங்காக இருந்தும் ஏக்கர் செலவு ஒன்றாகவே வருவதுண்டு.

பி என்றால் என்ன, எம் என்றால் என்ன

பூசணக்கொல்லியில் இதே குழப்பம் தலைகீழாக வரும். 'மெட்டாலாக்சில் 8% + மேங்கோசெப் 64%' என்று ஒரு தூள். 'மெட்டாலாக்சில்-எம் 4% + மேங்கோசெப் 64%' என்று இன்னொரு தூள். எட்டு பெரியதா நாலு பெரியதா என்று பார்ப்பவர் முதலாவதை எடுப்பார். உண்மையில் மெட்டாலாக்சிலில் ஒரு கைரல் கார்பன். வலதும் இடதும் பாதிப் பாதி. பூசணத்தை அடக்குவது ஏறக்குறைய முழுக்க ஒரு பாதிதான். 'எம்' போட்டதில் அந்தப் பாதியே பெரும்பங்கு இருப்பதால் 4 சதமே 8 சதத்தின் வேலையைச் செய்யும். நாலுதானே என்று அளவை இரட்டிப்பாக்கினால் கூடவே இருக்கும் மேங்கோசெப்பும் இரட்டிப்பாகும். கம்பு விதைநேர்த்திக்கு, அடிச்சாம்பல் நோய்க்காகக் கிலோவுக்கு 6 கிராம் என்று நாங்கள் சொல்லும் மெட்டாலாக்சில் 35 சதத் தூள் வேறு. அதன் அளவை இவற்றோடு குழப்ப வேண்டாம்.

களைக்கொல்லிப் பக்கம் 'பெனாக்சாப்ராப்-பி-ஈத்தைல்' என்று இருக்கும். 'பி' என்பது பிளஸ், 'எம்' என்பது மைனஸ். எதில் கூட்டல், எதில் கழித்தல்? ஒளியில். கைரல் பொருளைக் கரைத்து அதன் வழியே ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியை விட்டால், அந்தத் தளம் திரும்பும். வலப்பக்கம் திருப்பினால் பிளஸ், இடப்பக்கம் திருப்பினால் மைனஸ். பாதிக்குப் பாதி கலந்திருந்தால் ஒன்றை மற்றது ஈடுகட்டித் திருப்பமே இருக்காது. அதைச் சுழிமாய்க் கலவை என்பார்கள். முன்னே சொன்ன ஆர், எஸ் வேறு, இந்த பிளஸ், மைனஸ் வேறு. பெனாக்சாப்ராப்-பி, மெட்டாலாக்சில்-எம் இரண்டுமே 'ஆர்' வடிவம்தான். ஆனால் ஒன்று ஒளியை வலப்பக்கம் திருப்பும், மற்றது இடப்பக்கம். வேதியியல் மாணவர்களையே தடுமாறவைக்கும் இடம் இது, நமக்கு லேபிளில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

வேலை செய்யாத பாதியை எதற்குத் தயாரிக்கிறார்கள் என்று கேட்கலாம். தொழிற்சாலையில் சாதாரணமாகத் தயாரித்தால் இரண்டும் சரிபாதியாகத்தான் வரும். ஒன்றை மட்டும் வரவழைக்கத் தனி வினையூக்கி வேண்டும்; அது லேசில் கிடைப்பதில்லை. நிலக்கடலையில் விதைத்தவுடன் தெளிக்கும் மெட்டோலாகுளோர் களைக்கொல்லிக்கு நான்கு மாற்றியங்கள். அவற்றில் 'எஸ்' வகை இரண்டுக்குத்தான் களையை அடக்கும் திறன் பெரும்பகுதி என்பது 1982-ல் தெரிந்துவிட்டது. ஆனால் அவற்றை ஆயிரம் டன் கணக்கில் கட்டுப்படியாகும் விலையில் தயாரிக்க, இரிடியம் வினையூக்கியை வைத்து வழி கண்டுபிடித்து ஆலையை ஓட்டியது 1996 நவம்பரில்தான். பதினான்கு ஆண்டுகள்! அதன்பின் அந்த மருந்தைப் பயன்படுத்திய நாடுகளில் அதே களைக்கு அளவு சுமார் 35 சதம் குறைந்தது. அந்த அளவுக்கு மண்ணில் விழும் ரசாயனமும் குறைந்தது.

கரும்பு ஆலையில் அதே ஒளி

ஒளி திரும்புவது ஏதோ ஆராய்ச்சிக்கூடச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். செய்யாற்றுக் கூட்டுறவு சர்க்கரை ஆலையானாலும் வேறு ஆலையானாலும், கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்ப்பது இந்தத் திருப்பத்தை அளந்துதான். 'போல்' என்று சொல்வது அதைத்தான். 26 கிராம் சுத்தமான சர்க்கரையை 100 மில்லி கரைசலாக்கி 20 சென்டிமீட்டர் குழாயில் பார்த்தால் கருவி 100 காட்டும். அதற்கு ஒப்பிட்டு நம் சாற்றை மதிப்பிடுகிறார்கள்.

கரும்புச் சர்க்கரை ஒளியை வலப்பக்கம் திருப்பும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால், கரும்பிலேயே உள்ள நொதியும் வெட்டுவாயில் ஏறும் நுண்ணுயிரிகளும் அந்தச் சர்க்கரையைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றியங்கள். இரண்டுக்கும் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். ஆனால் பிரக்டோஸ் ஒளியை இடப்பக்கம் வலுவாகத் திருப்புவதால் மொத்தத் திருப்பமே இடப்பக்கம் சாய்கிறது. போல் அளவு இறங்குவது அதனால்தான். இனிப்பு நாக்குக்குக் குறையாது. சொல்லப்போனால் பிரக்டோஸ் இன்னும் இனிப்பு. ஆனால் அது படிகமாகாது, மூட்டையில் சர்க்கரையாக விழாது. வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இது இன்னும் நேராகத் தெரியும். நாள்பட்ட கரும்பில் காய்ச்சிய பாகு எவ்வளவு கிண்டினாலும் அச்சில் இறுகாமல் கசிந்துகொண்டிருக்கும்.

2025-26 அரவைப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 0.1 சதத்துக்கும் 3 ரூபாய் 46 காசு கூடுகிறது. கட்டுமானம் ஆலைக்கு ஒட்டுமொத்தமாகக் கணக்கிடப்படுவதால் ஒருவர் கரும்பு இரண்டு நாள் கிடந்தால் இழப்பு எல்லோருக்கும் பகிர்கிறது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போக வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். வெட்டு உத்தரவு வந்த பிறகே வெட்டுங்கள். வண்டி தாமதமானால் கரும்பை நிழலில் அடுக்கித் தோகை போட்டு மூடித் தண்ணீர் தெளித்து வையுங்கள்.

கமேக்சின் மூட்டையில் என்ன இருந்தது

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு பி.எச்.சி. 10% தூள் நினைவிருக்கும். வெறுங்கையால் அள்ளித் தூவிய காலம். கமேக்சின் என்றும் சொல்வோம். அந்தப் பெயரே 'காமா' என்ற மாற்றியத்திலிருந்து வந்தது. இந்தப் பொருளை மைக்கேல் பாரடே 1825-லேயே தயாரித்துவிட்டார், அது பூச்சியைக் கொல்லும் என்று உலகம் பயன்படுத்தத் தொடங்கியது 1940-களில். ஆறு கார்பன் வளையத்தில் ஆறு குளோரின். ஒவ்வொரு குளோரினும் வளையத்துக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதைப் பொறுத்துப் பல மாற்றியங்கள். பூச்சியைக் கொல்வது காமா. ஆலையில் வெளிவரும் கலவையில் அது 10 முதல் 15 சதம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 கிலோ மூட்டையில் மருந்து இரண்டரை கிலோ. அதில் காமா 250 முதல் 375 கிராம். மீதி இரண்டு கிலோவுக்கு மேல் பூச்சிக்கு உதவாத மாற்றியங்கள். அவற்றில் 'பீட்டா' என்ற ஒன்று மண்ணிலும் உடம்புக் கொழுப்பிலும் மிக நீண்ட காலம் தங்கக்கூடியது. பூச்சியைக் கொல்லாத அது பசும்பாலிலும் தாய்ப்பாலிலும் வந்து சேர்ந்தது. நிலக்கடலை நிலத்தில் போட்டால் பருப்பிலேயே ஒரு பூஞ்சண வாடை ஏறும் என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்த குறை. இந்தியாவில் பி.எச்.சி. 1997 ஏப்ரல் 1 முதல் தடை. காமாவை மட்டும் பிரித்து 'லிண்டேன்' என்று விற்றதும் 2013 மார்ச்சில் நின்றது. லிண்டேன் ஒரு டன் எடுக்க, எதற்கும் உதவாத மற்ற மாற்றியங்கள் 8 முதல் 12 டன் வரை கழிவாகக் குவிந்தன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூய்மையான ஒன்றைப் பிரித்தெடுத்தால் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதன் விளைவு அது.

பழைய கொட்டகையில், பரணில் பி.எச்.சி. மூட்டையோ எண்டோசல்பான் டப்பாவோ இன்னும் இருந்தால் வயலில் போட்டுத் தீர்க்கப் பார்க்காதீர்கள். புதைக்கவும் கொளுத்தவும் வேண்டாம், பாழுங்கிணற்றில் கொட்டவும் வேண்டாம். கிழியாமல் ஒரு உறையில் கட்டி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லுங்கள்.

பூச்சிக்கு நம்மைவிடத் தெளிவு

மாற்றியத்தைப் பிரித்தறிவதில் அந்துப்பூச்சிக்கு ஈடு எந்தக் கருவியும் இல்லை. இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கிறோமே ரப்பர் குப்பி, அதில் இருப்பது பெண் பூச்சியின் வாசனை. நெல் குருத்துப்பூச்சிக்கும் பச்சைக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிக்கும் உரிய வாசனைப் பொருட்கள் ஒன்றுதான் என்றால் நம்ப மாட்டீர்கள். இரண்டுமே பதினாறு கார்பன் நீளச் சங்கிலிகள். ஒன்றில் இரட்டைப் பிணைப்பு 11-ஆவது இடத்தில், மற்றதில் 9-ஆவது இடத்தில். இவை இட மாற்றியங்கள். குருத்துப்பூச்சி முன்னதை மூன்று பங்கும் பின்னதை ஒரு பங்கும் கலக்கிறது. காய்ப்புழுவின் பூச்சி 97 பங்குக்கு 3 பங்கு கலக்கிறது. ஆண் பூச்சி இந்த விகிதத்தை வைத்தே தன் இனத்தைக் கண்டுபிடித்து வருகிறது.

அதனால் நெல்லுக்குரிய குப்பியைத் துவரையில் வைத்துவிட்டுப் பூச்சியே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஒரே பொறிக்குள் இரண்டு இனத்துக் குப்பியையும் வைக்காதீர்கள். ஒரு வகையைத் தொட்ட கையால் மற்றதைத் தொடாதீர்கள். வெயிலும் சூடும் அந்தப் பொருளைக் கெடுக்கும் என்பதால் பிரிக்காத உறையோடு குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். நிலக்கடலையில் புரோடீனியாவுக்கும் காய்ப்புழுவுக்கும் தனித்தனியாக எக்டருக்கு 12 பொறி. அவற்றில் விழும் எண்ணிக்கையைக் குறித்துவைத்தால், மருந்து தேவையா, எந்த வாரம் தேவை என்பது தெரியும். பல வாரங்களில் தேவைப்படாது என்பதும் தெரியும்.

வேம்பு

கடைசியாக ஒன்று. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் மூலக்கூறில் 16 கைரல் கார்பன்கள். இரண்டைப் பதினாறு முறை பெருக்கினால் 65,536. அத்தனை விதமாக அமையக்கூடியதில் மரம் தயாரிப்பது ஒன்றே ஒன்றை, ஒவ்வொரு பருவமும் பிசகாமல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லே தலைமையில் வேதியியலர்கள் அதைச் செயற்கையாக உண்டாக்க 22 ஆண்டுகள் எடுத்துக்கொண்டு 2007-ல் முடித்தார்கள். நமக்கு அது ஆடி மாதத்தில் மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது.

மண்ணில் நாள்பட்டுக் கிடந்து பூசணம் பிடித்த கொட்டை உதவாது. பழுத்து விழுந்ததும் பொறுக்கி, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் காயவைத்துக் காற்றோட்டமான சாக்கில் கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் புழுங்கிவிடும். தேவைப்படும்போது 5 கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்கினால் 5 சதக் கரைசல். அன்றே தயாரித்து அன்றே அடிக்க வேண்டும். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும் என்பதால் சாயங்காலம் நான்கு மணிக்குமேல் தெளியுங்கள், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி.